மொழி அறியாத கொன்ட்ரோலர்

பதுளைக் கடைவீதியில் மலிவாக வாங்கிவந்த பெயரற்ற கொன்ட்ரோலரைப் பசறைத் தோட்டத்து லயத்திலே நம் பிள்ளைகள் கணினியில் பொருத்துகிறார்கள். விளக்கு எரிகிறது, விளையாட்டோ அசையவில்லை. உடனே பழுதென்று ஒதுக்கிவிடுகிறோம்.

பெரும்பாலும் அது பழுதன்று, மொழிப் பேதமே. அக்கருவி 1995இல் தோன்றிய டைரக்ட்இன்புட் முறையிற் பேசும். புதிய விளையாட்டுகள் பலவும் 2005இல் வந்த எக்ஸ்இன்புட் முறையையே அறியும். சில கருவிகளில் நடுப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தாலே முறை மாறிவிடும். இல்லையேல், ஸ்டீம் செயலியில் அவ்விளையாட்டைச் சேர்த்து, ஒவ்வொரு பொத்தானையும் அறிமுகஞ் செய்துவைத்தால், அச்செயலியே துபாஷியாகும்.

அலுவலகங்களில் வேற்று மொழிப் படிவத்தின் முன் வாய்மூடி நின்ற நம் தோட்டத்துப் பெரியோரை அறிவிலிகள் என்றவர்களும் உண்டன்றோ? அவ்வழக்கம் ஒரு கருவியிடத்தும் நமக்கு வேண்டாம்.