கடலடியில் ஒரு காது

ஹவாய்க்குப் போகிறவர்கள் வைகீகி மணலில் காலாற நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால், ஓவாஹுத் தீவின் மேற்குக் கரையிலுள்ள மக்காஹாவையும் எட்டிப் பாருங்கள். கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு 1989-இல் போட்ட டெலிபோன் கேபிள் கரையேறியது அங்கேதான்.

புதிய கேபிள்கள் வந்ததும் அதற்கு வேலை போயிற்று. பாட்டியின் பழைய பட்டுப் புடவையில் பேத்திக்குப் பாவாடை தைக்கிறோம் அல்லவா? ஹவாய் சர்வகலாசாலை விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்தார்கள்.

ஓவாஹுவுக்கு வடக்கே 100 கிலோ மீட்டர் தள்ளி 'அலோஹா நிலையம்' இருக்கிறது. கட்டடத்தைத் தேடாதீர்கள், சுற்றிலும் தண்ணீர்தான்! 1988 முதல் ஏறக்குறைய மாதம் ஒரு முறை கப்பலில் போய் அங்கே கடலைச் சோதித்து வந்தார்கள். மாதம் ஒரு நாள் வந்து போகும் விருந்தாளிக்கு வீட்டு நடப்பு என்ன தெரியும்? மற்ற நாட்களில் ஆழத்தில் நடப்பதை யார் பார்ப்பது?

ஆகவே பழைய கேபிளை அந்த இடத்தில் வெட்டி, 2007-இல் அதன் நுனியில் தண்ணீருக்குள் ஒலி கேட்கும் கருவி ஒன்றைச் சோதனையாகக் கட்டி இறக்கினார்கள். 2011 ஜூனில் முழுக் குடித்தனமே இறங்கியது. மின்சாரத்தையும் செய்தியையும் பங்கிட்டுத் தரும் பெட்டி, நீரோட்டமும் வெப்பமும் உப்பும் அளக்கும் கருவிகள், விளக்கோடு ஒரு காமிரா. ஆழம் 4,700 மீட்டருக்கும் மேல். ஒரு சதுர செண்டிமீட்டரில் கிட்டத்தட்ட அரை டன் பாரம் அழுத்துகிறது!

ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடாதே என்று குழந்தைகளை அதட்டுகிறோம். அங்கேயோ உப்புத் தண்ணீருக்குள்ளேயே பிளக்கைச் சொருகியாக வேண்டும். அதற்கென்றே எண்ணெய் அடைத்த பிளக்குகள் உண்டு. கப்பலில் உட்கார்ந்தபடி 'ஜேசன்' என்ற இயந்திரத்தை ஓட்டி, அதன் கைகளால் சொருகினார்கள். கேபிள் வழியே போகும் மின்சாரம் கடல் நீர் வழியாகவே திரும்புகிறதாம். எனக்கு இது ஜாலவித்தையாகவே தோன்றுகிறது.

அந்தக் காதில் என்ன விழுந்தது என்கிறீர்களா? மேலே அடிக்கும் காற்றின் வேகத்தைக்கூட அலையோசையிலிருந்து கணித்தார்கள். 'பொய்ங்' என்றும் ஒரு சத்தம் கேட்டது. 1950-களில் அமெரிக்க நீர்மூழ்கிகள் கேட்டுக் குழம்பிய சத்தம் அது. மிங்கே என்ற திமிங்கலத்தின் குரல்தான் என்று 2002-இல் கண்டுபிடித்தார்கள். ஹவாய்க் கடலில் அந்தத் திமிங்கலம் கண்ணில் படுவது அபூர்வம். அலோஹாவின் காதிலோ, 2007-இலிருந்தே, குளிர்கால மாதங்களில் அது ஓயாமல் விழுந்தது.