கணவாய்க்கு இருபுறமும்

தென்காசியில் பிறந்தவர்களுக்குச் சாரல் என்பது வெறும் மழையன்று. அது ஒரு பருவம். ஆனி மாதத்தில் மேற்கேயிருந்து குளிர்காற்று ஊருக்குள் புகும். குற்றாலப் பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து ஆர்த்து வீழும். தமிழகத்தின் பெரும்பகுதி வெயிலில் காயும் அந்நாள்களில் எங்கள் ஊருக்கு இவ்வரம் வாய்த்தது எப்படி? மேற்குத்தொடர்ச்சி மலை இங்கே தாழ்ந்து வழிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் என்னும் அவ்விடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று வருகிறது. 1904-இல் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த இருப்புப்பாதையும் அவ்வழியே சென்றது. காற்றுக்கும் மனிதருக்கும் அது வாசல்.

அந்த வாசலே சில பறவைகளுக்குச் சுவராக நிற்கிறது என்பதைப் பரிணாம உயிரியல் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த பிறகே அறிந்தேன்.

மலையுச்சிச் சோலைக்காடுகளில் வாழும் சிறுபறவைகள் பல, வெப்பம் மிகுந்த தாழ்நிலத்தைக் கடப்பதில்லை. அவற்றுக்கு ஒவ்வொரு மலைமுடியும் ஒரு தீவு. வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 23 வகை மலைப்பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, 2015-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அகன்ற பாலக்காட்டுக் கணவாய் பல பறவைகளைப் பிரித்திருந்தது; குறுகிய செங்கோட்டைக் கணவாய் சிலவற்றைப் பிரித்திருந்தது. 2017-இல் இக்குழுவினர் இப்பறவைகளுள் சிலவற்றுக்குப் புதிய பேரினப் பெயர்களைச் சூட்டினர். அவற்றுள் ஒன்று ‘சோலிகோலா’. சோலையில் வாழ்வது என்பது பொருள். ‘சோலைக்கிளி’ என்பதே அதன் பொதுப்பெயராயிற்று. நம் மலைமக்களின் சொல் உலக அறிவியலின் ஏட்டில் ஏறிய நிகழ்ச்சி அது.

ஆய்வுக்குழுவின் அன்றாட வாழ்க்கையில் இத்தகைய நாள்கள் அரியவை. வனத்துறையின் ஒப்புதலுக்காகக் காத்திருத்தல், விடியுமுன் காட்டில் மெல்லிய வலை கட்டுதல், சிக்கிய பறவையின் சிறகையும் அலகையும் அளந்து, ஒரு துளி குருதி மட்டும் எடுத்து, நடுங்கும் அவ்வுயிரை விரைந்து விடுவித்தல் ஆகியவையே எங்கள் களப்பணி. பின்னர் ஆய்வகத்தில் மரபணு எழுத்துகளை வரிசையாக ஒப்பிடுவோம். இரு கூட்டங்களுக்கிடையே எழுத்து வேறுபாடுகள் மிகுமாயின், அவை பிரிந்து நெடுங்காலமாயிற்று என்று கணிப்போம். வாரந்தோறும் கூடும் குழுவில் அம்முடிவை ஒருவர் முன்வைப்பார். மற்றவர் அனைவரும் அதில் ஓட்டை தேடுவர். நேற்றுச் சேர்ந்த மாணவரும் பேராசிரியரை மறுக்கலாம். பகையின்றி மறுக்கவும், சினமின்றி மறுக்கப்படவும் நான் பழகிய இடம் அதுவே.

எங்கள் குழுவில் பேசப்படும் செய்திகள் எல்லாம் மகிழ்ச்சிக்குரியவை அல்ல. நிலத்தடியில் வாழ்ந்து, மழைக்காலத்தில் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளிவரும் ஊதாத் தவளையை 2003-இல் பிஜுவும் பொசுயும் உலகுக்கு அறிவித்தனர். அதன் நெருங்கிய உறவுகள் வாழ்வது கடலுக்கு அப்பால், சீசெல்சு தீவுகளில். இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் சான்று அது. அதன் தலைப்பிரட்டைகள் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு, பாய்ந்தோடும் நீரிலும் நிலைத்து நிற்கும். மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் கண்ட இன்னோர் இனத்துக்கு 2017-இல் ‘பூபதி’ என்று பெயரிட்டனர். கோயம்புத்தூரின் சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி, 2014-இல் அகத்தியமலையில் உயிர்நீத்த சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. களப்பணிக்குப் புறப்படும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது என் மாமா கேட்டார்: “ஏலே, ஒரு குருவி மலைக்கு இந்தப் பக்கம் இருந்தா என்ன, அந்தப் பக்கம் இருந்தா என்ன?”

“இந்தப் பக்கத்துக் குருவி அழிஞ்சா, அந்தப் பக்கத்துல இருந்து கொண்டுவந்து ஈடுகட்ட முடியாது மாமா,” என்றேன். “அது வேற, இது வேற.”

அவர் சிறிது நேரம் மலையைப் பார்த்திருந்தார். “அப்போ வெயில் ஏறிக்கிட்டே போனா அது எங்க போகும்?” என்றார்.

எங்கள் ஆய்வின் மையக் கேள்வியும் அதுவே. புவி வெப்பமடையும்போது, குளிர்ச்சியை நாடும் உயிர்கள் மேலும் உயரத்துக்குச் செல்கின்றன. முன்பே உச்சியில் வாழும் பறவைக்கு அதற்குமேல் இடமில்லை. தாழ்நிலத்தைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்லவும் இயலாது. பல இலட்சம் ஆண்டுகளாகத் தனித்து உருவான ஓர் உயிர்வரலாறு, எஞ்சியிருக்கும் சில சோலைகளை நம்பியே நிற்கிறது.

அச்சோலைகள் பறவைக்கு மட்டும் உரியவை அல்ல. அவை மழைநீரைத் தேக்கிச் சிறுகச் சிறுக விடுவதால்தான் மழை ஓய்ந்த பின்னும் மலையோடைகளில் நீர் ஓடுகிறது. குற்றாலத்தில் வீழ்ந்து சிற்றாறாகி நம் வயல்களுக்குப் பாயும் நீரும் அம்மலைக்காடுகளின் கொடையே. மாமா கேட்ட கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு ஆய்வாளருக்கு மட்டுமா? அந்நீரை அருந்தும் நம் அனைவருக்கும் அதில் பங்குண்டு.