பிள்ளையின் வீடு வரை

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் கொல்லிமலைக்குப் போவது எங்கள் சிறிய அறக்கட்டளையின் வழக்கம். பெற்றோரை இழந்த மலைப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி கடந்து காரவள்ளி வந்தால் சமவெளி முடிந்துவிடும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறும்போதே காற்று குளிர்ந்துவிடும். சோளக்காடு சந்தையை நெருங்கினால் பலாப்பழ வாசம் வண்டிக்குள் வந்துவிடும்.

மலைக்கு மேலே வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தேவானூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள். ஒவ்வொன்றிலும் சரிவுக்குச் சரிவு சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். இங்கே பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர், பேசுவது தமிழ். சாமையும் கேழ்வரகும் விளைந்த பல காடுகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கிழங்கு சேகோ ஆலைகளுக்கு லாரியில் இறங்குகிறது. கூலி வேலை தேடி ஆண்களும் பெண்களும் இறங்குகிறார்கள். பல வீடுகளில் பிள்ளைகளை வளர்ப்பவர் ஆயா என்று அழைக்கப்படும் பாட்டிதான்.

இந்த முறை முதலில் போன பள்ளியில் தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார். ஐந்தாம் வகுப்புப் பையன். "காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் இங்கயே கிடைக்குது. அப்படியும் பாதி நாள் வர்றதில்ல. வீட்டுக்குப் போய்ப் பாருங்க சார், உங்களுக்கே புரியும்" என்றார்.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் வண்டியை விட்டு நடந்தோம். ஓடை ஒன்றைத் தாண்டி மேட்டில் ஏறினால் ஓட்டு வீடு. ஆயா திண்ணையில் பாய் விரித்து, "வாங்க சாமி, உக்காருங்க" என்றார். அவருக்கு முழங்கால் வலி. தண்ணீர் தூக்குவது, ஆட்டை ஓட்டிப் போவது, ரேஷன் கடைக்குப் போய் வருவது எல்லாம் பையன்தான். பையனின் அம்மா முன்பே இறந்துவிட்டார். அப்பா காய்ச்சலில் படுத்து இந்தத் திண்ணையிலேயே இறந்து இரண்டு வருடமாகிறது.

இறப்புச் சான்றிதழ் வாங்கினீர்களா என்று கேட்டேன்.

"அவன் செத்ததை ஊரே பாத்துது சாமி. அதுக்கு எதுக்குச் சீட்டு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சீட்டு இல்லாததால்தான் அவர் பேரன் அரசுக் கணக்கில் ஆதரவற்ற பிள்ளையாக இல்லை. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஓராண்டு தாண்டிவிட்டால் அதிகாரியின் ஆணை வேண்டும். மருத்துவமனையில் போகும் உயிருக்கு அங்கேயே பதிவு நடந்துவிடுகிறது. வீட்டில் போகும் உயிருக்காக யாராவது செம்மேட்டில் உள்ள தாலுகா அலுவலகம் வரை அலைய வேண்டும். இரண்டு பெற்றோரும் இல்லாத பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக்கரங்கள் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் வழியாக மாதம் 4,000 ரூபாய் பெறவும் வழி உண்டு. பெற்றோர் இல்லை என்று காட்டக் காகிதம் இல்லாத வீட்டுக்கு இரண்டுமே எட்டாத தூரத்தில் இருக்கின்றன.

எங்களுக்கு உதவும் நல்ல மனிதர் ஒருவர், "பேசாம பையனைக் கீழே ஒரு இல்லத்துல சேர்த்துடலாமே" என்றார். அக்கறையில் சொன்னதுதான். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். வெளிநாட்டு அனுபவமும் அதையே சொல்கிறது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் பெற்றோரைக் கொண்டுபோன காலத்தில் பிள்ளைகளில் பெரும்பாலோரை ஏந்திக்கொண்டவர்கள் பாட்டிகளும் உறவினர்களும்தான். ருவாண்டா அரசு 2012இல் அநாதை இல்லங்களைப் படிப்படியாக மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்ப முடிவெடுத்தது. இந்தப் பையனுக்கு ஆயா இருக்கிறார், ஊர் இருக்கிறது, காடு இருக்கிறது. குறைவது பணமும் துணையும் மட்டுமே. அவற்றைத் திண்ணைக்குக் கொண்டுவந்தால் போதும், பிள்ளையைப் பெயர்க்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் வாழவந்தியில் நின்றோம். இங்கேதான் ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் பிராண்டும் அடக்கமாகியிருக்கிறார்கள். 1913இல் திருமணம் முடித்த கையோடு இந்த மலைக்கு வந்த ஆங்கிலேயத் தம்பதி. அப்போது சாலை கிடையாது. சமயம் பரப்ப வந்தவர்கள். பல ஆண்டுகள் ஊர் அவர்களை நெருங்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்த நாட்களில் விஷக்காய்ச்சல் மலையிலும் பரவியபோது, ஒதுக்கப்பட்ட வீடுகளுக்கு இவர்கள் கஞ்சி சுமந்து போனார்கள். தங்களை எதிர்த்து நின்ற பூசாரியே நோயில் விழுந்தபோதும் தேடிப் போனார்கள். சாகும் தறுவாயில் அவர் தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். நரம்புச் சிலந்திப் புழுவால் மக்கள் துடித்த காலத்தில் ஜெஸ்ஸி அதை மனிதர் காலிலிருந்து எடுத்ததோடு நிற்காமல், கிணற்று நீரில் கால் படாதபடி சுவர் எழுப்பவும் சொல்லிக்கொடுத்தார். பள்ளிகள் தொடங்கினார்கள். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். எவலின் பணியை விடவில்லை. ஓய்வு வயது வந்ததும் அவரை அனுப்பிய சபையே நாடு திரும்பச் சொன்னபோதும், மலைக்கே திரும்பி வந்து கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என்று மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974இல், 95 வயதில் இறந்தார். தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் இயங்கவைத்த வேலூர் மருத்துவர் பால் பிராண்ட், 1914இல் இந்த மலையில் பிறந்த அவர்கள் மகன்.

அவர்கள் நம்பிக்கையை ஏற்காதவர்களும் அவர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது. உதவி கேட்டு மக்கள் வரட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை; நோய் இருந்த வீட்டுக்கு நடந்தார்கள், திரும்பத் திரும்ப நடந்தார்கள். எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளிடம் பெரிய பணம் இல்லை. நடக்க ஆள் இருக்கிறது. பையும் நோட்டும் ஒரு வருடத்துக்குக் காணும். ஒரு சான்றிதழ் பிள்ளையை 18 வயது வரை தாங்கும். நன்கொடை தருபவர்களிடம் இப்போது நான் கேட்பது, தாலுகா அலுவலகத்துக்கு ஆயாவின் கூடவே போய் வர ஒரு ஆளின் நாட்களையும் பஸ் கட்டணத்தையும்தான்.

பையனின் அப்பாவுக்கான விண்ணப்பத்தைச் செம்மேட்டில் கொடுத்துவிட்டோம். ஊர்க்கவுண்டரும் தலைமையாசிரியரும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆணை வரும் வரை மாதந்தோறும் போய்க் கேட்போம். இதேபோல் இறப்பு பதியாத வீடுகளின் பட்டியலை மற்ற பள்ளி ஆசிரியர்களிடமும் கேட்டிருக்கிறோம். அடுத்த பயணம் அந்தப் பட்டியலை வைத்துத்தான்.