இடக்கை க்ளவுஸ்

விழுப்புரத்துல பாசஞ்சர் ஏறினா முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், அப்புறம் திண்டிவனம். அதுக்குள்ள பேஸ்பால் ரூல்ஸை முழுசா படிச்சிடலாம்னு போன்ல ஏத்தி வெச்சிருந்தேன். விக்கிரவாண்டி வர்றதுக்குள்ள தூங்கிட்டேன். இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்ததே அந்தத் தூக்கத்தால்தான்.

எங்க காலேஜுக்கு பேஸ்பால் டீம் இருக்குன்னு சோனல் போட்டிக்குக் கிளம்பின அன்னிக்குத்தான் பாதிப் பேருக்குத் தெரியும். பன்னிரண்டு பேருமே ஊர்ல டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடினவங்க. கேப்டன் அண்ணா ஃபைனல் இயர் மெக்கானிக்கல். ஹாஸ்டல் ரூம்ல 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்தைப் போட்டுக் காட்டித்தான் எங்களை இழுத்தார். 2008-ல் வேகமாகப் பந்து எறியும் ஆளைத் தேடி இந்தியாவில் ஒரு போட்டி நடந்தது. அதில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் படேல் ரெண்டு பேரும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிதல் பசங்க. அதே வருஷம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. ரிங்கு இடக்கைப் பந்துவீச்சாளர். நானும் இடக்கை. டீம்ல சேர எனக்கு அந்தக் காரணமே போதும்.

சேர்ந்த பிறகுதான் சிக்கல் புரிஞ்சது. எறியும் கைக்கு எதிர்க் கையில்தான் க்ளவுஸ் போடணும். எங்க கிட் பேக்ல இருந்த ஏழு க்ளவுஸும் வலக்கைக்காரங்களுக்கு, அதாவது இடது கையில் மாட்டுறது. ப்ராக்டீஸ்ல இடது கையால் பிடிச்சு, க்ளவுஸைக் கழட்டி, அதே கையால எறிவேன். அதுக்குள்ள ரன்னர் டீ குடிச்சிட்டே வந்து சேர்ந்துடுவான்.

அரையிறுதியில் எதிர் டீம் திண்டிவனம். அவங்க முதல் பேஸில் நின்னவனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் என் பெஞ்சு. அவனும் இடக்கை. எழுதும்போது மத்தவங்க முழங்கையில இடிக்கக்கூடாதுன்னு சார் எங்க ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வெச்சிருந்தார்.

"க்ளவுஸ் இருக்காடா?" என்றான். இல்லை என்றேன். எங்கேயோ செகண்ட் ஹேண்டில் வாங்கின, வலது கையில் மாட்டுற க்ளவுஸ் அவனிடம் இருந்தது. அவங்க ஃபீல்டிங் முடிஞ்சதும் முதல் பேஸ் பக்கத்துல கழட்டி வெச்சிட்டுப் போவான். நான் போய் மாட்டிப்பேன். உள்ளே அவன் வியர்வை ஈரமா இருக்கும். எங்க இன்னிங்ஸ் வந்ததும் நான் அதே இடத்துல வெச்சிட்டு வருவேன். அதை வெச்சே நாலு பேரை அவுட் பண்ணினேன். நாலு பேரும் அவன் டீம்.

நேரம் பத்தாதுன்னு ஆட்டத்தை ஐந்து இன்னிங்ஸா குறைச்சிருந்தாங்க. கடைசி இன்னிங்ஸ், எங்க பேட்டிங், 5-4 என்று ஒரு ரன் பின்னாடி. ஒரு அவுட் ஆகியிருந்தது. நான் நாலு பால் வாங்கி முதல் பேஸுக்கு வந்து அவன் பக்கத்துல நின்னேன். அடுத்து கேப்டன் அண்ணா. தோத்தா இதுதான் அவருக்குக் கடைசி மேட்ச்.

அண்ணா அடிச்சது நல்ல சத்தம். பந்து நடு மைதானத்துக்கு மேலே ஏறிச்சு. அப்போ அவன், உதடு அசையாம, "போகாதடா, நில்லு" என்றான்.

எதிராளி நில்லுன்னா ஓடணும்னு என் மூளை சொன்னது. போதாக்குறைக்கு கிரிக்கெட் பழக்கம் வேற. பந்து மேலே போனா ஓடி க்ராஸ் பண்ணிடுன்னு சின்ன வயசுலேர்ந்து கத்திக் கத்தி வளர்ந்தவங்க நாங்க. (க்ராஸ் பண்ணாலும் புது பேட்ஸ்மேன்தான் ஸ்ட்ரைக் எடுக்கணும்னு 2022-லேயே ஐசிசி மாத்திடுச்சு. எங்க ஊர்ல யாரும் அதை மதிக்கல.) பேஸ்பாலில் கதையே வேற. கேட்ச் பிடிச்சிட்டா ரன்னர் தன் பழைய பேஸுக்குத் திரும்பணும். அவன் வர்றதுக்குள்ள பந்து அங்கே வந்துட்டா அவனும் அவுட். பேஸுக்கு பேஸ் 90 அடி. நான் ரெண்டாவது பேஸைத் தாண்டின பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ஃபீல்டர் பிடிச்சிட்டான்.

பாதி வழிகூடத் திரும்பி வரலை. பந்து என்னைத் தாண்டிப் போய், காலையிலேர்ந்து நான் மாட்டிட்டிருந்த அதே க்ளவுஸுக்குள்ள விழுந்தது. அவன் பேஸை மிதிச்சான். ஒரே அடியில் ரெண்டு அவுட், மேட்ச் முடிஞ்சது. நான் சும்மா நின்னிருந்தா இன்னொருத்தன் பேட் பிடிச்சிருப்பான்.

கை குலுக்கும்போது, "சொன்னேன்ல" என்றான்.

"நீ எதிர் டீமுடா, எப்படி நம்புறது?"

"க்ளவுஸ் வாங்கும்போது மட்டும் நம்பின?" என்று கேட்டுட்டு பேகை மூடிட்டுப் போயிட்டான். சிரிக்கலை. எனக்கும் பதில் வரலை.

ரிட்டர்ன் பஸ்ல கேப்டன் அண்ணா என் பக்கத்துல உட்கார்ந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டுற வரைக்கும் பேசலை. அப்புறம், "நானும் தாண்டிடும்னுதான்டா நெனச்சேன். நீயும் அதான நெனச்ச?" என்றார்.

"ஆமாண்ணா" என்றேன். ஒருத்தன் நில்லுன்னு சொன்னதை அவர்கிட்ட இன்னிவரைக்கும் சொல்லலை.

அண்ணா இப்போ ஒரகடத்துல வேலையில இருக்கார். இந்த இதழ் வந்ததும் லிங்கை அவருக்கு அனுப்பணும். திண்டிவனத்துக்கும் ஒண்ணு.