பேராதனையிற் கேட்ட பாஞ்சோ

பேராதனைக்குச் செல்வோர் பெரும்பாலும் பூங்காவைக் காணச் செல்வர். அன்றேல் பல்கலைக் கழகத்தைக் காணச் செல்வர். இரண்டையும் மாணவர்களுக்குக் காட்டிவிட்டு இரவே ஊர் திரும்புவதென்று ஐப்பசி மாதத்து சனிக்கிழமையொன்றில் நாமும் புறப்பட்டிருந்தோம். பூங்காவைக் கண்டோம். பல்கலைக் கழகத்தைக் காண இயலாமற் போயிற்று. சரச்சந்திராவின் 'சிங்கபாகு' 1961-ஆம் ஆண்டில் அரங்கேறிய திறந்தவெளி அரங்கையும், பேராசிரியர் வித்தியானந்தன் 1962-இல் 'கர்ணன் போர்' முதலான கூத்துக்களைப் படித்த மாணவரைக்கொண்டு ஆடுவித்த சூழலையும் காட்டவேண்டுமென்று எவ்வளவோ எண்ணியிருந்தோம். அது நிறைவேறாமைக்கு மழை பாதிக் காரணம். மீதிக் காரணம் ஒரு பாஞ்சோ.

பூங்காவைப் பற்றி அறியாதார் இலர். மகாவலி கங்கை மூன்று புறமும் வளைத்தோட, நடுவே கிடக்கும் 147 ஏக்கர் நிலம் அது. கண்டியரசர் காலத்தில் அரச உத்தியானமாக இருந்ததை 1821-இல் அலெக்சாண்டர் மூன் என்பார் தாவரவியற் பூங்காவாக ஆக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது 1944-இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இங்கேதான் அமைத்திருந்தார். பனையொத்த நெடுமரங்கள் அணிவகுத்து நிற்கும் பாதைகளைப் பற்றி நாம் விரிவாகவே எடுத்துரைத்தோம். மாணவரோ, உச்சிக் கிளைகளில் தலைகீழாகத் தொங்கிப் பகலெல்லாம் சண்டையிட்டுக்கொண்டிருந்த பழந்தின்னி வௌவால்களையே கண்டு களித்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம்முடைய சொற்பொழிவைவிட வௌவால்களின் வழக்குச் சுவையாகத்தான் இருந்தது.

ஆற்றங்கரை மூங்கிற் புதர்களருகே ஒரு செய்தியை மட்டும் எல்லோரும் செவிமடுத்தனர். இவ்விடத்துக்கு அணித்தாக முன்னொரு காலத்தில் முதிரை மரத்தாலான பாலமொன்று மகாவலிக்குக் குறுக்கே நின்றது. 1833-இல் முடிந்த அப்பாலம் 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டிற்று. ஆணியொன்றும் அறையாமல் மரத்தோடு மரத்தைப் பொருத்தியே கட்டினார்களாம். 1905-ஆம் ஆண்டுவரை வண்டிகளைச் சுமந்த பின்னர் அதனைக் கழற்றிவிட்டனர்.

பூங்காவை விட்டு வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நாம் வந்த பேருந்தின் சாரதி சில்லொன்றுக்குக் காற்றுப் போகிறதென்று எங்கோ ஒட்டுவிக்கச் சென்றிருந்தார். கம்பளை வீதியோரத்தில் பூங்கன்று விற்கும் கொட்டிலொன்றின் தகரக் கூரையின்கீழ் இருபத்திரண்டு மாணவரும் நாமும் ஒதுங்கினோம். அந்தூரியமும் ஓர்க்கிட்டும் நிறைந்த சட்டிகளுக்கு அப்பால், பின்கட்டிலிருந்து ஒரு நாதம் வந்தது. வீணையன்று, கிட்டாருமன்று. தகரத்தில் விழும் மழைத்துளியைப்போற் பிறந்தவுடனே மடியும் ஒலி. ஆனால் அதற்குள்ளே பழைய தமிழ்ச் சினிமாப் பாட்டொன்றின் மெட்டு மறைந்து மறைந்து தோன்றிற்று.

எட்டிப் பார்த்தோம். எழுபதை எட்டிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், அடுப்பெதிரே முக்காலியில் அமர்ந்து, மடியில் ஒரு பாஞ்சோவை வைத்திருந்தார். இரண்டு வரி வாசிப்பார், பிறகு கருவியைத் திருப்பி அதன் வட்ட முகத்தை அடுப்பனலுக்குக் காட்டுவார், மறுபடியும் வாசிப்பார்.

"வாருங்கள் ஐயா, பிள்ளைகளையும் உள்ளே வரச் சொல்லுங்கள். மழை நிற்க மூன்று மணியாகும்" என்றார். மழையைப் பற்றி அத்துணை உறுதியாக எவ்வாறு கூறினாரென்று வினவினோம். "இந்தத் தோல் சொல்லுகிறது" என்று பாஞ்சோவின் முகத்தைத் தட்டினார். காற்றிலே ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து நாதம் அமுங்கிவிடும். வெயில் வரப்போகிறதென்றால் தானாகவே இறுகும். மாசி பங்குனியில் மணியைப்போற் பேசுகின்ற பாஞ்சோ, ஐப்பசி கார்த்திகையிலே சளி பிடித்த பாட்டுக்காரனாகிவிடுமாம். "மகாவலி பெருகுகிறதா வற்றுகிறதா என்று பார்க்க நான் ஆற்றங்கரைக்குப் போவதில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்திற் பிறந்து வளர்ந்தவர் அவர். அந்த மலைக்கும் பேராதனைக்கும் பழைய உறவுண்டு. 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே வணிக நோக்கில் முதன்முதலாகத் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் நட்ட தேயிலை வித்துப் பேராதனைப் பூங்காவிலிருந்தே சென்றது. பெரியவரின் தந்தையார் தோட்டத்திலே தப்படிக்கும் கலைஞர். காமன் கூத்துக்கும் சாவீட்டுக்கும் அவரையே அழைப்பர். தப்பைக் காய்ச்சாமல் அடிக்கலாகாது; வைக்கோலைக் கொளுத்தித் தோலை இறுக்கிய பின்னரே கோலை எடுப்பர். "பாஞ்சோவை முதலிலே பார்த்தபோது, நம் தப்புக்கு யாரோ கழுத்து வைத்துவிட்டார்கள் என்றுதான் அப்பா சொன்னார்" என்றார் பெரியவர்.

தந்தையார் அறியாது சொன்னாரேனும் அது முற்றிலும் பொருந்திய வாக்கு. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள், கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் சுரைக் குடுக்கையின்மேல் தோலைப் போர்த்துக் கழுத்தும் தந்தியும் பூட்டி உருவாக்கிய கருவியே பாஞ்சோவின் முன்னோர். பின்னரே வெள்ளையர் அதனைக் கைக்கொண்டு, மரவளையமும் இரும்புத் திருகும் சேர்த்து, அரங்குக்கு ஏற்றினர். நம் நாட்டிலும் ஆபிரிக்க வழிவந்தோர் உளர். புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் காப்பிரி மக்களின் பாட்டும் தாளமும் போர்த்துக்கேயர் கொணர்ந்த இசையோடு கலந்தே இன்றைய பைலா பிறந்தது. பைலாக் குழுக்களிற் பாஞ்சோவும் மாண்டலினும் இடம்பெறுவது, பிரிந்துபோன உறவினர் வேற்றூர்ச் சந்தையிற் சந்திப்பதைப் போன்றதே.

தமிழாசிரியராகிய நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பழந்தமிழர் யாழின் பத்தர் என்னும் குடமும் தோலாற் போர்க்கப்பட்டதே. இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக 1943-இல் அமர்ந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு முயன்று எழுதி, தாம் மறைந்த 1947-ஆம் ஆண்டிலே வெளிவரக் கண்ட 'யாழ் நூல்' அக்கருவிகளை நமக்கு மீட்டுத் தந்தது. தோலின்மேல் நரம்பை நிறுத்தி நாதம் பெறும் வித்தை தமிழனுக்குப் புதிதன்று என்று பெரியவரிடம் கூறினோம். அவர் மகிழ்ந்தார் என்று சொல்வதற்கில்லை. "அப்படியா? அதையும் மழைக்காலத்திலே காய்ச்சியிருப்பார்களே" என்றார்.

அவர் பேசியவையெல்லாம் இவ்வாறே இருந்தன. எதனையும் நிறுவுவதற்காகப் பேசவில்லை. கன்றுச் சட்டியை நகர்த்திக்கொண்டும், மாணவியொருத்திக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டும், இடையிடையே தந்தியை மீட்டிக்கொண்டும் சொல்லியவை. பாஞ்சோவின் நாதம் நீடிக்காது; ஆகவே ஒன்று மடியுமுன் அடுத்ததைக் கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும்; அதற்குக் கொழுந்து பறிக்கும் விரல்களே தகுந்த விரல்கள் என்பது அவர் கொள்கை. தம் தாயார் கை கொழுந்தின்மேல் ஓடுவதைப் பார்த்தே வலக்கை வித்தையைக் கற்றாராம். அவருடைய பாஞ்சோவுக்கு ஐந்து தந்திகள். ஐந்தாவது தந்தி மட்டும் குட்டை. கழுத்தின் பாதியிலே தனி முறுக்காணி கொண்டது. அதனை விரலால் அழுத்துவதில்லை. பெருவிரலாற் சும்மா தட்டுவதே வழக்கம். அது எப்போதும் ஒரே சுரத்தைச் சொல்லும். "வீட்டிலே ஒரு கிழவி இருப்பாள் பாருங்கள், நாள் முழுக்க ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு. யாரும் காது கொடுக்கமாட்டோம். அவள் பேசாத அன்றைக்குத்தான் வீட்டுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று தெரியும்" என்று அத்தந்தியை விளக்கினார். சுருதிக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நாம் வகுப்பறையிற் சொன்னதில்லை.

பாஞ்சோ அவருடையதன்று, தமையனாருடையது. தமையனார் சிறுவயதிலே துரை பங்களாவின் குசினியில் வேலை செய்தார். 1960-ஆம் ஆண்டளவில் துரை இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, கொண்டுசெல்ல விரும்பாத பொருள்களோடு பாஞ்சோவையும் விட்டுச் சென்றார். வானொலியைக் கேட்டுக் கேட்டே தமையனார் வாசிக்கப் பழகினார். இரவில் வேலை முடிந்து வந்து, லயத்து இஸ்தோப்பிலே விளக்கில்லாமல் அமர்ந்து வாசிப்பாராம்.

1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களைப் பங்கிட்டுக்கொள்ள, 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பதென்று விட்டு, 1974-இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தனர். கணக்கு எளியது. ஆனால் குடும்பங்கள் அக்கணக்குக்கு இணங்கி அமையவில்லை. தமையனார் பெண்ணெடுத்த குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. தாயாரும் இளையவரும் இங்கேயே இருப்பதென்று எழுதியிருந்தனர். 1973-இல் ஒரு நாள் பேராதனைச் சந்திப் புகையிரத நிலையத்தில் தமையனாரும் மனைவியும் தலைமன்னாருக்கு வண்டியேறினர். அந்த வண்டிக்கு மலையகத்தார் வைத்த பெயர் அழுகைக் கோச்சி.

"நான் ரொம்ப அழுதேன். பதினேழு வயது; வெட்கமில்லாமல் அழுதேன். அண்ணன் சன்னலாலே பாஞ்சோவை நீட்டி, அழாதேடா, இதை வைத்துக்கொள், ஆறு மாதத்திலே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்."

ஆறு மாதம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1977-இலும் 1983-இலும் கலவரம். 1984-இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அதன் பின்னர்ப் போர். போர் முடிந்தபோது கையிற் பணமில்லை. பணம் சேர்ந்தபோது தமையனாருக்குப் பயணம் செய்யும் உடலில்லை. அவர் நீலகிரியிற் கோத்தகிரியருகே தேயிலைத் தோட்டத்திலேயே உழைத்து ஓய்ந்திருக்கிறார். இப்போது ஞாயிறுதோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கின்றனர். பேச்சு முடிந்ததும் இளையவர் வாசிப்பார், மூத்தவர் கேட்பார். "போனிலே அந்த ஐந்தாந் தந்தி மட்டும் கேட்கவில்லையாம். இருக்கிறதா, அறுந்துவிட்டதா என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்."

இப்போது தோல்தான் கவலை. விளிம்போரத்தில் ஒரு விரற்கடை அளவு கிழிந்திருந்தது. திருகை முறுக்கினால் கிழிசல் நீளும், முறுக்காவிட்டால் நாதமில்லை. கண்டியிற் கடைக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் தோல் போட்டுத் தருவதாகச் சொன்னாராம். மழையும் வெயிலும் அதனை ஒன்றும் செய்யா. பெரியவர் உடன்படவில்லை. ஏனென்று கேட்டதற்கு, தோலின் ஓரிடத்தைக் காட்டினார். குதிரைக்குப் பக்கத்திலே சிறுவிரல் நுனியளவு மழமழப்பாகத் தேய்ந்து கருத்திருந்தது. வாசிப்போர் வலக்கையை நிலைநிறுத்தச் சிறுவிரலைத் தோலில் ஊன்றுவது வழக்கம். "இது அண்ணன் விரல் பட்ட இடம். நான் இத்தனை வருடமும் இதிலே விரல் வைத்ததில்லை, தள்ளியே வைப்பேன்." உண்மைதான். அருகே இன்னொரு தேய்வு, சற்று வெளிறியதாக, இருந்தது.

மாணவர் கூட்டம் வௌவாலையும் மறந்து அமைதியாயிற்று. நம்முடன் வந்தோரில் மிருதங்கம் பயில்பவன் ஒருவன் உளன். அவன் மெல்ல, "தாத்தா, புதுத்தோல் போட்டுவிட்டு, அந்த இடத்தை மட்டும் வட்டமாக வெட்டிப் பாஞ்சோவுக்கு உள்ளே ஒட்டி வைக்கலாமே" என்றான். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. "வெட்டுவதா?" என்றார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கேட்கிறேன்" என்றார். மழை, அவர் சொன்னபடியே, மூன்று மணிக்கு விட்டது. பேருந்தும் வந்தது. நாம் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு கன்று வாங்கிய மாணவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

மூன்று கிழமை கழித்து நாமே அழைத்தோம். பின்னணியில் மழையோசை கேட்டது.

"அண்ணனைக் கேட்டீர்களா?"

"கேட்டேன் ஐயா. சிரிக்கிறார். அது அவர் விரல் இல்லையாம். துரை கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்ததாம். துரை விரல் தேய்ந்த இடமாம். அண்ணன் விரலை ஊன்றி வாசித்ததே கிடையாதாம். இருட்டிலே உட்கார்ந்து கேட்டவனுக்கு விரல் எங்கே தெரிந்தது?"

என்ன சொல்வதென்று நமக்குத் தோன்றவில்லை. அப்படியானால் தோலை மாற்றியாயிற்றா என்று கேட்டோம்.

"இன்னும் இல்லை. இந்த மழை போகட்டும்" என்றார். சற்றுப் பொறுத்து, "இப்போது நானும் அந்த இடத்திலேதான் விரலை வைக்கிறேன். கை நிற்க அது தோதான இடம் ஐயா" என்றார்.