மதில் விழுந்த மறுநாள்

தவக்காலம் நடந்துகொண்டிருக்கிறது. ரெட்டியார்பாளையத்திலிருந்து வில்லியனூர் வரை, எங்கள் மூலக்குளத்தைச் சுற்றியுள்ள கோவில்களில் வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை நடக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு இது இன்னும் 'தபசுகாலம்'தான். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். நாம் சிறுவயதில் பாவசங்கீர்த்தனம் என்றுதான் சொன்னோம். அருள் என்று இன்று சொல்வதை எங்கள் பாட்டி 'பிரியதத்தம்' என்பார். பிரியத்தினால் தத்தம் செய்யப்பட்டது, அதாவது அன்பினால் கொடுக்கப்பட்டது. சம்பளம் உழைத்து வாங்குவது. கடன் திருப்பிக் கொடுக்கவேண்டியது. பிரியதத்தம் இந்த இரண்டிலும் சேராது. பழைய சொல் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஞானோபதேச வகுப்பில், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் தேவை என்று மனப்பாடம் செய்தோம். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிமேல் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவானவரிடம் பாவத்தைச் சொல்வது, அவர் இட்ட அபராதத்தைத் தீர்ப்பது. தனி ஆளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. ஒரு ஊரே, ஒரு திருச்சபையே மனந்திரும்பவேண்டி வந்தால் இந்த ஐந்தும் எப்படி நடக்கும்? ஓய்வு பெற்ற பிறகு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்குப் பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1709-இல் பிறந்தவர். துய்ப்ளேக்ஸ் துரையிடம் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை, தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதிவைத்தார். அவர் வைணவர். நம் கோவில் விவகாரங்களில் அவருக்குச் சொந்த லாபமோ நஷ்டமோ இல்லை. வெளியே நின்று பார்த்து எழுதியவர்.

1745 அக்டோபர் மாதத்தில் அவர் ஒரு செய்தியை எழுதுகிறார். அன்றைய சம்பா கோவிலுக்குள் ஒரு மதில் இருந்தது. இன்று நாம் பார்க்கும் கட்டடம் அல்ல. அந்தப் பழைய கோவில் 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது அழிந்துபோயிற்று, இப்போதுள்ளது 1791-இல் முடிந்தது. பழைய கோவிலில் மதிலின் ஒரு பக்கம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள். மறுபக்கம் மற்ற சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் ஐரோப்பியர்களும். ஒரே பலிபீடம், ஒரே பூசை, நடுவே சுவர். இது பல காலமாக இருந்துவந்த ஏற்பாடு.

அப்போது காரைக்காலிலிருந்து ஒரு சாமியார் வருகிறார். மதிலைப் பார்க்கிறார். ஒதுக்கப்பட்ட மக்களிடம் பேசுகிறார். அவர்கள் எல்லாரும் சேர்ந்து பெரிய சாமியாரிடம் போய் நியாயம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதன் சாரம் இதுதான்: நாங்கள் உண்மையிலேயே உங்கள் சீடர்கள் என்றால் எல்லாரையும் ஒன்றுபோல நடத்த வேண்டாமா? கடவுள் தம் பிள்ளைகளுக்குள் வித்தியாசம் பார்க்காதபோது, சாதிக்காரர்கள் கேட்டார்கள் என்பதற்காக நீங்கள் எப்படிச் சுவருக்குச் சம்மதித்தீர்கள்? பெரிய சாமியார் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டார். மதிலை இடித்துப் போட்டார்கள். எல்லாரும் கலந்து உட்கார்ந்தார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது நாட்குறிப்பை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மதில் கட்டியவர்கள் வருஷா வருஷம் தபசுகாலம் அனுசரித்திருப்பார்கள். ஒருசந்தி இருந்திருப்பார்கள். மார்பில் தட்டிக்கொண்டு மனஸ்தாபப்பட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஆத்தும சோதனையில் மதில் ஒரு பாவமாகத் தட்டுப்படவில்லை. தினமும் பார்க்கிற சுவர், பார்வையிலிருந்து மறைந்தேபோகும். ஆத்தும சோதனையை அவர்களுக்காகச் செய்துகொடுத்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்.

பிரியதத்தம் என்ற சொல் இங்கேதான் எனக்குப் புரிந்தது. அவமானப்பட்டவர்கள் கோவிலை விட்டுப் போயிருக்கலாம். யார் கேட்டிருக்க முடியும்? அவர்கள் போகவில்லை. நாங்களும் பிள்ளைகள்தானே என்று வந்து கேட்டார்கள். அந்தக் கேள்வியே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக் கிடைத்த அருள். அருள் வானத்திலிருந்து ஒளியாக இறங்கும் என்று நினைக்கிறோம். பல சமயம் அது நமக்குப் பிடிக்காத ஒரு கேள்வியாக வாசலில் வந்து நிற்கிறது.

சக்கேயு கதையிலும் வரிசை இப்படித்தான். முதலில் ஆண்டவர் அவனுடைய வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். ஊரே முணுமுணுக்கிறது. அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். அருள் முதலில் வந்தது, மனந்திரும்புதல் பின்னால் வந்தது, அதோடு கணக்கும் வந்தது. சக்கேயு அழுததாக லூக்கா எழுதவில்லை. எவ்வளவு கொடுத்தான் என்று எழுதுகிறார்.

இனி நாட்குறிப்பின் அடுத்த பக்கத்துக்கு வருகிறேன். இது நம் பகுதியைச் சேர்ந்தது.

அதே 1745-ஆம் ஆண்டின் கடைசி நாட்கள். அப்போது தலைமைத் துபாஷியாக இருந்தவர் கனகராய முதலியார், கிறிஸ்தவர். காலமான தம் மகனின் நினைவாக உழவர்கரையில் ஒரு கோவில் கட்டினார். நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அதே உழவர்கரைதான். கோவில் திறப்புக்குப் பெரிய விருந்து. துய்ப்ளேக்ஸ் தம் மனைவியோடு வந்தார். ஆலோசனைச் சபையார் வந்தார்கள். புதுச்சேரியில் இருந்த எல்லாச் சாதியாரும் அழைக்கப்பட்டார்கள். சாப்பாடு எப்படி? பிராமணர்களுக்குப் பிராமணச் சமையல்காரர்கள், தனி இடம். மற்றவர்களுக்கும் அவரவர் சாதி ஆசாரம் கெடாதபடி தனித்தனி ஏற்பாடு. கிறிஸ்தவக் கோவில் திறப்பில் விருந்து மட்டும் இப்படி நடந்ததே என்று பிள்ளையும் கவனித்து எழுதிவைக்கிறார்.

மகனை இழந்த ஒரு தகப்பன் தம் காலத்து மரியாதைப்படி விருந்தாளிகளை உபசரித்தார். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. அக்டோபரில் மதில் விழுகிறது. டிசம்பர் முடிவதற்குள், சில மைல் தள்ளி, பந்தி பந்தியாகப் பிரித்துச் சாப்பாடு நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று மாதம்கூட இல்லை. ஊருக்கு இதில் ஒரு முரண்பாடும் தெரிந்திருக்காது என்றே தோன்றுகிறது. மதில் விழுந்தது உண்மை. பிரதிக்கினை எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டில் இரண்டு சின்ன அறைகளை ஒன்றாக்கினோம். நடுச்சுவரை எடுத்ததும், உடனே டைல்ஸ் ஒட்டிவிடலாமே என்று கேட்டேன். மேஸ்திரி தலையை ஆட்டினார்.

"சுவர எடுத்தா மட்டும் போதாது சார். கீழ கடக்கால் இருக்கு. அத நோண்டி எடுத்து, மண்ணு கொட்டி, தண்ணி விட்டு, திம்சு போட்டு இறுக்கணும். இல்லன்னா அஞ்சாறு வருஷத்துல தரையில நேர்கோடா விரிசல் வரும். சுவர் எங்க இருந்துச்சுன்னு அது காட்டிக் குடுத்துடும்."

சுவரை இடிக்க அரைநாள் ஆனது. கடக்காலை எடுத்து இறுக்க நான்கு நாள். தினசரி ஆன்மிக வளர்ச்சி என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த நான்கு நாள் வேலைதான் ஞாபகம் வருகிறது. பார்ப்பவர்களுக்கு அது வேலை நடப்பது போலவே தெரியாது. குழி தோண்டுவதும் மண் கொட்டுவதுமாக இருக்கும்.

இது பழங்கதை என்று சிலர் சொல்லக்கூடும். தமிழ் நாட்டுத் திருச்சபையில் விரிசல் எங்கே தெரிகிறது என்று நமக்குத் தெரியாததா? தேர் எந்தத் தெரு வரை போகும், எந்தத் தெருவில் திரும்பிவிடும் என்பதில் தெரிகிறது. கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்பதில் தெரிகிறது. பெண் பார்க்கப் போகும்போது, வேதக்காரர்தான் என்று சொன்ன பிறகும் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் அந்த இரண்டாவது கேள்வியில் தெரிகிறது. 2003 நவம்பரில் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர், உரோமைக்குச் சென்ற நம் புதுச்சேரி-கடலூர் உள்ளிட்ட உயர்மறைமாவட்டங்களின் ஆயர்களிடம், சாதி பார்க்கும் வழக்கத்தைக் களையும்படி வலியுறுத்தினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு இருப்பதை ஒத்துக்கொண்டது. 1745-க்கும் 2016-க்கும் இடையே 271 வருஷம். அந்த அறிக்கையும் பாவசங்கீர்த்தனம்தான். ஐந்து காரியங்களில் நான்காவது வரை வந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். அபராதம் தீர்ப்பது பாக்கி.

அந்த அபராதத்தை ஆயர்கள் மட்டும் தீர்க்க முடியாது. என் வயதில் போராட்டம் நடத்தவோ சட்டம் எழுதவோ தெம்பு இல்லை. ஆனால் ஓய்வு பெற்றவர்களுக்கு வீட்டிலும் பங்கிலும் ஒரு சொல் இருக்கிறது. பேத்தியின் கல்யாணப் பேச்சில் அந்த இரண்டாவது கேள்வி வரும்போது, அது இந்த வீட்டில் தேவையில்லை என்று பெரியவர் ஒருவர் சொன்னால் பேச்சு அங்கே நிற்கும். திருவிழாக் கூட்டத்தில் தேர் அடுத்த தெருவுக்கும் போகட்டும் என்று நரைத்த தலை ஒன்று சொன்னால், இளைஞர்கள் சொல்வதைவிட அதற்கு எடை அதிகம். சொல்லிவிட்டு அடுத்த வருஷமும் சொல்லவேண்டும். அதற்கடுத்த வருஷமும்.

இந்தத் தவக்காலத்தில் இரவுச் செபத்துக்குப் பிறகு ஆத்தும சோதனையில் ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். என்ன தப்பு செய்தேன் என்று கேட்டால் மனது தனக்குத் தெரிந்த பழைய பட்டியலையே திருப்பிச் சொல்லும். அதனால், இன்று யார் என்னிடம் எதைச் சொல்ல வந்தார்கள், நான் காதுகொடுத்தேனா என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மா, தெருக்கூட்டும் தம்பி, கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பூசை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விடுகிறவர் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம் ஆகும். நீங்களும் செய்து பாருங்கள். பாஸ்குத் திருநாள் வர இன்னும் நாள் இருக்கிறது.