ரொசல்லைக்கு மேலே ஓர் இரும்புப் பாலம்

அடுத்த கோச்சி வர நேரமிருந்தது. இலங்கை மலையகத்தில், ரொசல்லைக்கும் ஹட்டனுக்கும் இடையிலான சிறிய இரும்புப் பாலத்தருகே பாதை திருத்தும் குழுவோடு நின்றேன். லயத்தில் பிறந்து ரயில் பாதையில் வேலைக்குச் சேர்ந்த மூத்தவர், இரண்டு தண்டவாளங்கள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தார்.

"விடியக்காலையில இன்னும் அகலமா இருந்துச்சு தம்பி. வெயிலு ஏறுனா ஒட்டிக்கும்."

பெப்ரவரியில் இங்கே இரவுக் குளிர் கடுமை, நடுப்பகல் வெயிலும் கடுமை. இரும்பின் சூடு 30 பாகை ஏறினால் 13 மீட்டர் தண்டவாளம் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்குத்தான் அந்த இடைவெளி.

உலகின் பெரிய பாதைகளில் இந்த இடைவெளியே இல்லை. கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாகப் பற்றவைக்கிறார்கள். நீள முடியாத இரும்பு நெருக்கத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. 50 சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தண்டவாளத்தில் அதே 30 பாகைக்குச் சுமார் 36 தொன் அழுத்தம் சேரும். நேர்ப்பாதையில் சிலிப்பர் கட்டையும் சல்லியும் அதைப் பிடித்து நிறுத்தும். வளைவில் அது பாதையையே வெளிப்புறமாகத் தள்ளும். இந்திய ரயில்வே 440 மீட்டர் ஆரத்துக்குக் குறைந்த வளைவுகளில் நீளப் பற்றவைப்பைப் பொதுவாகத் தவிர்க்கிறது. 1884இல் ஹட்டனை எட்டிய இந்தப் பாதையிலோ 100 மீட்டர் ஆர வளைவுகள், 44க்கு 1 ஏற்றம்.

பாலம் வந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். இரும்பு உத்தரமும் வெயிலில் நீளும். ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை நகரவிட்டிருப்பார்கள். மேலே தண்டவாளம் அசையாமல் நிற்க, கீழே உத்தரம் நகர்ந்தால், பிடிப்புகள் வழியாக ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுவை தண்டவாளத்தில் கூடுதல் நெருக்கமாகவும், தூண்களிலும் கரைச்சுவரிலும் கூடுதல் பாரமாகவும் இறங்கும். அதனால்தான் நீண்ட பாலங்களில் தண்டவாளம் சறுக்கி நீள்வதற்குத் தனி இணைப்பு வைக்கிறார்கள். தெமோதரையில் 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் வேறு சாதி: கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், உத்தரமே இல்லை.

இடைவெளியுள்ள பாதையைப் பழசு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மலைக்கு அது பொருத்தமான தீர்வு. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் இந்தக் குழுவினர்தான். ஒவ்வொரு சக்கரமும் அந்த இடைவெளியில் இறங்கி அடிக்கிறது. ஆணி தளர்கிறது, கட்டை அமுங்குகிறது, தண்டவாளங்களை இணைக்கும் பிஷ் பிளேட் துருப்பிடித்து இறுகினால் இடைவெளி இருந்தும் தண்டவாளம் நகராது. மழையிலும் பனியிலும் நடந்து போய்க் கழற்றி, கிரீஸ் பூசி, மறுபடி முடுக்க வேண்டும்.

"ஜொயின்ட்டு கரைச்சுவத்துக்கு நேரா வரக்கூடாது தம்பி," என்று பாலத்தின் விளிம்பைக் காட்டினார் பெரியவர். "அங்க பாலம் கெட்டி, இந்தப் பக்கம் மண்ணு அமுங்கும். ரெண்டுக்கும் நடுவுல அடி விழுந்தா எத்தன வாட்டி சல்லி போட்டாலும் நிக்காது."

பிறகு நீளமான சாவியை எடுத்து அடுத்த ஆணிக்குப் போனார். அன்றைக்கு அவர்கள் பார்க்க வேண்டிய இணைப்புகள் ஹட்டன் வரைக்கும் இருந்தன.